மாணவர்களுக்கு 1991-ஐச் சொல்லித்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புலம்பெயர்வையும் சமூகநீதியையும் பள்ளியில் பேசினால் பிள்ளைகளிடம் பகை வளரும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெங்களூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பகை முன்பே இருந்தது. பேசிய பிறகுதான் குறைந்தது.

பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பங்கள். பின் பெஞ்சில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிகளின், செக்யூரிட்டிகளின் பிள்ளைகள். "இந்திக்காரங்க வந்துதான் மிஸ் எங்கப்பாவுக்கு வேலை போச்சு" என்றான் ஒருவன். அவன் அப்பா பெயிண்டர்; வேலை குறைந்தது உண்மை. அவனை அதட்டி அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் இந்த ஊருக்கு வந்தீர்கள், வந்த புதிதில் யார் இடம் கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரும்படி எல்லோரிடமும் சொன்னேன்.

அவன் பாட்டி கல் சுமக்க வந்தவர். 1991 டிசம்பரில், தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவையொட்டி இங்கே தமிழர்களைத் தாக்கியபோது, பிள்ளைகளோடு லாரியேறி ஓசூருக்குப் போயிருக்கிறார். லாரி வரும்வரை தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் காத்தவர் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா. அந்த லாரியில் தன் அப்பாவும் இருந்தார் என்பதே பையனுக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்து 2012 ஆகஸ்டைப் படித்தோம். தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்திக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர் இங்கிருந்து ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயிலேறிய நாட்கள் அவை. பிறகு 2020 மே. கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பக் காத்திருந்த தொழிலாளர்களின் ரயில்களை, கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்த கையோடு மாநில அரசு ரத்து செய்தது. கண்டனம் எழுந்ததும் மீண்டும் விட்டது. "போக விடாம நிறுத்தலாமா மிஸ்?" என்று கேட்டார்கள். நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் அங்கே வாழவும் உரிமை தரும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவை அதற்குப் பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் வந்த சட்டம், தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தக்காரர் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுத்து, கூலி விவரத்தை அதில் எழுத வேண்டும் என்றது. "எங்கப்பா அப்படி ஒண்ணப் பார்த்ததே இல்ல" என்றாள் ஒடிசாப் பெண். அவள் அப்பாவுக்கு என்ன கூலி என்று தெரிந்ததும் பெயிண்டர் மகன் திகைத்துவிட்டான். இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடித்தார்கள். இடப்பெயர்வின் காரணங்களைப் பாடநூலில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கலாம். இது அப்படி வராது.

1991-ஐப் பார்த்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒருவர் அனுபவத்தை வெளியிடுங்கள். அன்று கதவைத் திறந்துவிட்ட கன்னடக் குடும்பங்களின் பேச்சும் அதில் வர வேண்டும். கேட்டு எழுதித் தர என் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு