மேல்மலை விடுதியும் முகம் சுளிக்கும் விருந்தாளிகளும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் நீங்கள் நடத்தும் விடுதியில் விருந்தாளிகள் எழுதிவிட்டுப் போன புகார்களை நீ அனுப்பியிருந்தாய், எல்லாவற்றையும் படித்தேன். மாப்பிள்ளை மனசு விட்டுப்போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். அவரிடம் சொல், இத்தனை பக்கத்திலும் முக்கியமான குறை நாலே நாலுதான்: வெந்நீர் வரவில்லை, மெத்தை ஈரம், வழி தெரியாமல் அலைந்தோம், டிபன் ஆறிப்போய் வந்தது. நாலும் நாமே சரிசெய்யக் கூடியவை. மேல்மலைக்கு வருகிறவர்கள் அரண்மனையை எதிர்பார்த்து வருவதில்லை. நாம் சொன்னது அங்கே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

முதலில் வெந்நீர். அறைக்கு ஒரு 15 லிட்டர் கீசர் போட்டிருக்கிறாய். டிசம்பர், ஜனவரியில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரிக்கு வந்துவிடும். அதை 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் கீசருக்கு 25 நிமிடம் வேண்டும். அந்த 15 லிட்டரைப் பச்சைத்தண்ணீரோடு விளாவினால் குளிக்கிற சூட்டில் கிடைப்பது 25 லிட்டர் சொச்சம்தான், அதாவது ஒரு வாளியும் கொஞ்சமும். ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் நாலைந்து நிமிடத்தில் காலி. புருஷன் குளித்துவிட்டு வந்ததும் பெண்டாட்டி உள்ளே போவாள், தலையில் ஷாம்பு போட்ட நேரத்தில் பச்சைத்தண்ணீர் கொட்டும். அப்புறம் அவள் என்ன எழுதுவாள்?

இதில் வோல்டேஜ் வேறு. விடிகாலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும்போது 230 இருக்க வேண்டியது 180க்கு இறங்கினால், கீசரின் சக்தி ஐந்தில் மூன்று பங்காகிவிடும். 25 நிமிடம் 40 நிமிடமாக நீளும். கீசரில் கோளாறே இருக்காது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போவான். வோல்டேஜைக் காலை ஆறரைக்கு மீட்டர் வைத்துப் பார்.

இரண்டு பேர் தங்கும் அறைக்கு 25 லிட்டர் கீசராக மாற்று. விளாவினால் 40 லிட்டருக்கு மேல் கிடைக்கும். கீசரிலிருந்து ஷவர்வரை போகும் குழாய்க்கு ஃபோம் உறை போடு. பத்து மீட்டர் அரை அங்குலக் குழாயில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கி ஆறிக்கிடக்கும், முதலில் வருவது அதுதான். தொட்டுப் பார்த்து உடனே மூடிவிட்டு, வெந்நீரே இல்லை என்பார்கள். குளியலறைக் கதவில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஓர் அட்டை ஒட்டு: 'கீசரை ஒரு மணி நேரம் முன்பே போடவும், முதல் அரை நிமிடம் பச்சைத்தண்ணீர் வரும்.' சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மூட்டம் போட்ட நாளில்தான் வெந்நீர் அதிகம் தேவை, அன்றைக்குத்தான் அது காய்ச்சாது. துணைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

ராத்திரி கரண்ட் போனதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். போனது தெரு லைன் கரண்ட் இல்லை, உன் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறது. கீசரும் அறையைச் சூடாக்கும் ஆயில் ஹீட்டரும் தலைக்கு 2,000 வாட், கெட்டில் 1,500. மூன்றும் சேர்ந்தால் 5,500 வாட், ஏறக்குறைய 24 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை உடனே தட்டிவிடாது, சூடேறிச் சில நிமிடம் கழித்துத்தான் விழும். அதனால்தான் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. கீசருக்கு 4 ஸ்கொயர் எம்.எம். வயரில் தனி லைனும் தனி எம்.சி.பி.யும் போடச் சொல், எர்த்தையும் கையோடு சோதிக்கச் சொல்.

குளிருக்குக் கரி அடுப்பு கேட்பார்கள். முற்றத்தில் மூட்டிக் கொடு. அணைந்துவிட்டது என்று சொல்லி அறைக்குள் எடுத்துப் போக மட்டும் விடாதே. கங்கு கனிந்து கிடந்தாலே கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது. கொடைக்கானலில் இப்படி உயிர் போயிருக்கிறது. அடுப்பைத் திரும்ப வாங்கி வைப்பது உன் ஆளின் வேலை, விருந்தாளியை நம்பி விடாதே.

அடுத்தது ஈரம். மெத்தை நனைந்திருக்காது, பருத்தித் துணி மூட்டத்திலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடு. வெளிச்சுவர்தான் முதலில் குளிர்ந்து வியர்க்கும், ஒட்டிக் கிடக்கும் மெத்தையின் ஓரம் கறுப்புப் புள்ளி பிடிக்கும். ஜன்னலைக் காலை பதினோரு மணிக்குத் திற, மூட்டம் ஏறுவதற்குள் மூடு. நாள் முழுக்கத் திறந்து போட்டால் காற்றோட்டம் என்று நினைப்பாய், உள்ளே வருவது ஈரம். குரங்கும் கூடவே வரும். கீழே ஊரில் ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு போதும். மேலே நாலு வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு செட் காய இரண்டு நாள் ஆகிவிடும். மேலே கண்ணாடித்தகடு போட்ட ஒரு சின்னக் கொட்டகை கட்டிக் கொடி இழு. விரிப்பு காய்ந்ததா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்க்காதே, குளிர்ந்த கைக்கு ஈரம் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார், தெரிந்துவிடும். ரஜாயை (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) வாரம் ஒருமுறை உச்சி வெயிலில் புரட்டிப் போடு. ரூம் ஸ்ப்ரே அடிப்பதை இன்றோடு நிறுத்து. பூஞ்சை வாடையோடு மல்லிகை வாடையும் சேர்ந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

வழி விஷயத்தில் தவறு முழுக்க நம் பக்கம். 'கொடைக்கானல் ரோடு' என்று ஸ்டேஷன் பெயர் இருப்பதால், இறங்கியதும் மலை வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கிருந்து கொடைக்கானலுக்கே 80 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல்தான் மேல்மலை. முன்பணம் வந்த அன்றே இதை எழுதி அனுப்பு. இ-பாஸையும், அதாவது மலை ஏற வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டையும், சேர்த்துச் சொல். 2024 மே 7 முதல் அது இல்லாமல் வெளியூர் வண்டி ஏற முடியாது, சோதனைச்சாவடியில் நின்று போனில் எடுத்துக்கொண்டிருப்பவர் உன் வாசலுக்கு வரும்போதே கோபமாகத்தான் வருவார். கொடைக்கானலைத் தாண்டினால் சிக்னல் போய்விடும், அதனால் மேப்பை மட்டும் நம்பாமல் திருப்பத்துக்குத் திருப்பம் அடையாளம் எழுது. கடைசி மண்பாதையைப் போட்டோ எடுத்துப் போடு. தாழ்ந்த கார் வைத்திருப்பவன் முன்பே முடிவு செய்துகொள்வான். படிக்கட்டு எத்தனை என்பதையும் எழுதிவிடு, மூட்டுவலிக்காரர்கள் உன்னை வாழ்த்துவார்கள். இருட்டியபின் வருகிறவர்களிடம் காட்டுமாடு ரோட்டில் நிற்கும், ஹார்ன் அடிக்காதீர்கள் என்று சொல்லிவை.

பள்ளத்தாக்குக் காட்சி தெரியவில்லை என்று ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டாராமே! மூட்டத்துக்கு நீ என்ன செய்வாய்? ஆனால் நீ போட்டிருக்கும் ஏழு படமும் வெயில் நாளில் எடுத்தவை. மூட்டம் மூடிய படம் இரண்டு சேர்.

டிபன். தோசைமாவு புளிக்கவில்லை என்றால் ஆளைத் திட்டாதே. ராத்திரி பத்து டிகிரியில் எந்த மாவும் பொங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, பாத்திரத்தைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு கொதிநீர் மூடி வை. படுக்கும்முன் அந்த நீரை ஒருதரம் மாற்று. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும், குக்கர்தான். தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து அதில் இட்லி வை. சில்லென்ற தட்டில் வைத்தால் சட்னி ஊற்றுவதற்குள் ஆறிவிடும். சமையலறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கும்போது ஹாட்பேக் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புகார் சொல்ல வருகிறவரிடம் 'மலைன்னா அப்படித்தான் சார்' என்று உன் ஆள் சொல்கிறானாம். அந்த வார்த்தை இனி அவன் வாயில் வரக்கூடாது. முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது அறைக்கு நேரில் போக வேண்டும். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் ஒரு வாளி வெந்நீர் அடுப்பில் காய்ச்சிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இதெல்லாம் நடந்தும் சரியாகவில்லை என்றால், அவர்கள் கேட்கும்முன்பே அந்த ராத்திரி வாடகையில் பாதியைக் கழித்துவிடு. மாப்பிள்ளை எழுதியிருக்கும் பதில்களையும் பார்த்தேன். எல்லாம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கின்றன. நாலு வரி போதும்: நடந்தது உண்மை, காரணம் இது, இந்தத் தேதியில் மாற்றிவிட்டோம், நன்றி. மாற்றாததை மாற்றியதாக மட்டும் எழுதாதீர்கள்.

கோடை சீசனுக்கு முன் கீசரையும் வயரிங்கையும் முடித்துவிடு, மே மாதம் எலெக்ட்ரீஷியன் கையில் சிக்க மாட்டான். மெயின் போர்டைப் படம் எடுத்து அனுப்பு, எந்த லைன் எங்கே போகிறது என்று குறித்துத் தருகிறேன். அம்மா மலைப்பூண்டு இரண்டு கிலோ கேட்கிறாள், வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா