தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு தொலைநோக்கி இரவு: கோரிக்கை மனு

பெறுநர்:
மாநிலக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பேராக் மாநிலக் கல்வி இலாகா, ஈப்போ.

பொருள்: சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் திடல்களில் இரவு வானம் பார்க்கும் நிகழ்ச்சி நடத்த அனுமதியும் வேன் வசதியும் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இன்று வானியல் ஆய்வாளர். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை ஆராய்கிறேன். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் அவர் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது நானும் வாசலில் நிற்பேன். கிழக்கே பளிச்சென்று ஒன்று தெரியும். "விடிவெள்ளி" என்பார். அது ஒரு கிரகம் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. தொலைநோக்கியில் முதன்முதலாகக் கண் வைத்தது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான்.

சென்ற ஆண்டு ஒரு வானியல் முகாமுக்கு உதவப் போயிருந்தேன். நகரத்தில் நடந்தது, இரவு தங்க வேண்டும். நம் தோட்டங்களிலிருந்து ஒரே ஒரு சிறுமிதான் வந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்காது; உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். விளக்கை அணைத்துவிட்டுச் சனிக்கிரகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இருட்டில் யார் உதடு தெரியும்? தன் முறை வந்ததும் தொலைநோக்கியில் ஒரு நொடி கண் வைத்தாள், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நகர்ந்துவிட்டாள். பக்கத்திலேயே நின்ற எனக்கும் அப்போது தோன்றவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிப் பேசுபவர் முகத்தில் பிடித்திருந்தால் போதும். மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

நான் ஆராயும் விண்மீன்களில் ஒரு வகையைக் கொண்டு அண்டத்தில் உள்ள தூரங்களை அளக்கலாம். 1912-இல் அதற்கு வழி காட்டிய ஹென்ரியட்டா லீவிட்டுக்கும் காது சரியாகக் கேட்காது. ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்களிடம் தொலைநோக்கியைக் கொடுக்காத காலம் அது. மணிக்கு 30 சென்ட் கூலிக்குப் புகைப்படத் தகடுகளைப் பார்த்தே அவர் கண்டுபிடித்தார். 1967-இல் துடிப்பு விண்மீனை, அதாவது சுழன்றபடி சீராக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் பல்சரை, கண்டறிந்த ஜோசலின் பெல் பர்னல், 2018-இல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசு முழுவதையும், இயற்பியலில் இடம் கிடைக்காத பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் படிப்பதற்கென்றே கொடுத்தார். நான் கேட்பது அவ்வளவு பெரிய தொகை இல்லை, ஐயா.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரவு 8 மணி முதல் 10 மணி வரை, ஒரு தமிழ்ப்பள்ளித் திடலைத் திறந்துவிட அனுமதி வேண்டும். தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட வேன் வேண்டும். அம்மாக்களும் கூட வரலாம் என்று அறிவித்தால்தான் பெண்பிள்ளைகளை அனுப்புவார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அப்புறம், சைகை மொழி தெரிந்த ஓர் ஆசிரியர். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எட்டும்படி தொலைநோக்கியைத் தாழ்த்தி வைப்பது என் பொறுப்பு. தொலைநோக்கியும் என்னுடையதே, விளக்கம் தமிழிலும் மலாயிலும் இருக்கும்.

வானத்துக்கு இங்கே குறையில்லை. செம்பனைக் காட்டுக்கு மேலே, கோலாலம்பூரில் தெரியாத விண்மீன்களும் தெரிகின்றன. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், மே மாத இரவில் தெற்கே தென்சிலுவையையும் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் ஒரே திடலில் நின்று பார்க்கலாம். முதல் நிகழ்ச்சியை அந்த மாதமே வைக்க அனுமதி தர வேண்டுகிறேன். விவரம் தேவையென்றால், தாங்கள் சொல்லும் நாளில் ஈப்போ அலுவலகத்துக்கு நேரில் வருகிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
(கையொப்பம்)
வானியல் ஆய்வாளர், சுங்கை சிப்புட்