அம்மா இருக்கும் வீடு எங்கள் சொத்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அரசு வீடு ஒன்று மில்லியன் வெள்ளிக்கு விற்றது என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தால் போதும், பெர்த்தில் இருக்கும் என் தம்பி அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவான். எழுத்து ஒன்றும் இருக்காது, ஒரு கேள்விக்குறி மட்டும். அம்மா இருக்கும் வீட்டை விற்கலாமா என்று அர்த்தம். அதற்கு ஒன்றரை வருஷமாக எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வீடு சிங்கப்பூரில் அங் மோ கியோவில் இருக்கிறது. நான்கறை, ஏழாவது மாடி. அப்பா செம்பவாங்கில் கப்பல்பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊரில் இருந்த ஓட்டு வீட்டில் தன் பங்கைப் பெரியப்பாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, 1980ல் இந்த வீட்டுச் சாவியை வாங்கினார். “அங்க விட்டதை இங்க பிடிச்சுட்டேன்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது லிப்ட் எங்கள் மாடியில் நிற்காது, எட்டாவதில் இறங்கி ஒரு மாடி கீழே வரவேண்டும். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் அந்தப் படியில் இறங்கி வருவது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எம்ஆர்டி வந்ததே 1987 நவம்பரில்தான். இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடிய அந்த வாரம் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, வேலையே இல்லாமல் போய்த் திரும்பினார்.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்துதான் “வித்துடலாமா” என்ற பேச்சு சத்தமாக வர ஆரம்பித்தது. முதியவர்கள் வீட்டில் பாதுகாப்பு வசதி செய்து தரும் ஈஸ் திட்டத்தில் கைப்பிடி போட்டுக் கொடுத்தார்கள், தரையையும் வழுக்காமல் செய்தார்கள், அதெல்லாம் சரி. என்றாலும் பிள்ளைகள் மனசு அதோடு நிற்காதே.

விற்பது என்றால் சும்மா இல்லை என்பது முகவரைக் கூப்பிட்ட அன்றைக்கே புரிந்தது. வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படம் எடுப்பதற்கு முன் வாசலில் இருக்கும் மாவிலைத் தோரணத்தையும் சாமி அலமாரியையும் எடுத்துவிடச் சொன்னார், “வாங்குறவங்க யாரா இருந்தாலும் பளிச்சுனு தெரியணும்” என்றார். அதே மூச்சில், எங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டது, ஆகவே நீங்கள் சீனருக்கு விற்க முடியாது என்றும் சொன்னார். அப்படியானால் வாங்க வருகிறவர் இந்தியராகவோ மலாய்க்காரராகவோதானே இருக்க முடியும்? அவருக்காகத் தோரணத்தை எதற்குக் கழற்றவேண்டும்? அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியாமலிருக்க இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ல் வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்பது இன்றைய உச்சவரம்பு. எங்கள் இனத்துக்கு 13 என்று இருந்ததை 2010ல்தான் 15 ஆக்கினார்கள். விகிதம் நிரம்பிய புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம், அதில் தடையில்லை. நாம் விற்கப் போனால் வாங்கும் கூட்டம் சின்னதாகிவிடும், விலையும் இறங்கும். இரண்டு கதவு தள்ளியிருந்த குடும்பம் விற்ற விலையைவிட நாற்பதாயிரம் வெள்ளி குறைத்துத்தான் எங்களுக்குக் கணக்குச் சொன்னார் அந்த முகவர். கொள்கை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, அது இல்லாவிட்டால் சில புளோக்குகள் எப்படி ஆகியிருக்கும் என்று தெரியும். இப்படி மாட்டிக்கொண்டு, குறைந்தது பத்து ஆண்டு வீட்டை வைத்திருப்பவர்களிடமிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ள 2022 மார்ச்சிலிருந்து வழி செய்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் மில்லியன் வெள்ளிச் செய்தியைப் படித்துவிட்டு நம்மவர்கள் போடும் மனக்கணக்கில் இதெல்லாம் வருவதில்லை.

அடுத்தது குத்தகை. வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கிடைக்கும், 1980ல் தொடங்கிய எங்களுடையது 2079ல் முடியும். வாங்குகிறவரின் வயதும் வீட்டின் மிச்சக் குத்தகையும் சேர்ந்து 95 வந்தால்தான் அவர் தன் மத்திய சேமநிதி (மசேநிதி) ஓய்வுச் சேமிப்பை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம், இது 2019 மே மாதத்திலிருந்து இருக்கும் விதி. முப்பது வயதுத் தம்பதி எங்கள் வீட்டைப் பார்த்தால் கூட்டுத்தொகை 95ஐத் தொடாது, மீதியைக் கையிலிருந்து போடவேண்டும். ஒவ்வொரு வருஷமும் இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். தம்பி இதையும் ஒப்புக்கொள்வதில்லை. “பொறுங்கண்ணே, செர்ஸ் வரும்” என்கிறான். கழகம் பழைய புளோக்கை எடுத்துக்கொண்டு, இழப்பீடும் வேறு புது வீடும் கொடுக்கும் திட்டம் அது. 2022ல் அங் மோ கியோ அவென்யூ 3ல் நான்கு புளோக்குகளை எடுத்தார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். செர்ஸுக்கு எடுத்த வீடுகள் மொத்தத்தில் வெறும் 4 விழுக்காடுதான், பெரும்பாலான பழைய வீடுகள் குத்தகை முடிந்ததும் கழகத்துக்கே திரும்பிப் போகும் என்று அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் 2017லேயே எழுதிவிட்டார். அந்த நான்கு புளோக்கிலும் முதியவர்கள் புது வீட்டுக்குக் கைக்காசு போடவேண்டி வருமோ என்று அலைந்ததை நாமெல்லாம் பார்த்தோம். லாட்டரிச் சீட்டை நம்பியா அம்மாவைத் தனியாக விட்டுவைப்பது?

தங்கை உட்லண்ட்ஸில் இருக்கிறாள். வீட்டை விற்று, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 15லிருந்து 45 ஆண்டுக் குத்தகையில் கிடைக்கும் ஈரறை ஃபிளெக்ஸி வீடு ஒன்றில் அம்மாவைக் குடிவைக்கலாம் என்பது அவள் யோசனை. நல்ல யோசனைதான். ஒருநாள் காம்பொங் அட்மிரல்டி என்ற முதியோர் குடியிருப்புக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். கீழேயே உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், மேலே தோட்டம். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, இங்க யாரு இருக்கா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை.

யாரு இருக்கா என்பதுதான் விஷயம். எங்கள் தாழ்வாரத்தில் அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது, பழைய எண்ணெய் டின்னில் வைத்தது, இப்போது அம்மாவின் தோள் உயரம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு 81 வயது. அவரும் 1980லேயே வந்தவர், கொள்கை வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே இந்த இரண்டு பேரும் அக்கம்பக்கம். காலையில் ஏழரைக்கு ஆன்ட்டி கதவைத் திறந்து கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுவார், அம்மா கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து “சுடா மாக்கான்?” (சாப்பிட்டாச்சா?) என்பார், அவர் “பெலும்” (இன்னும் இல்லை) என்பார். பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே மொழி அது, என் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. அம்மா விழுந்த அன்று முதலில் வந்ததும் ஆன்ட்டிதான். ஏழரை தாண்டியும் உள்ளே விளக்கு எரியவில்லை என்று கதவைத் தட்டியிருக்கிறார், பதில் இல்லையென்றதும் எனக்குப் போன் போட்டார். செங்காங்கிலிருந்து நான் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது.

அப்புறம் மூன்று வாரம் அம்மாவை என் வீட்டில் வைத்திருந்தேன். என் மனைவி குறை வைக்கவில்லை. ஆனால் எங்கள் அடுப்பில் நெருப்பு தெரியாது, அம்மா கை வைத்து வைத்துப் பார்ப்பார். ஒரே நிறத்தில் நிற்கும் புளோக்குகளில் எங்கள் புளோக் எது என்று தெரியாமல் ஒருமுறை கீழே அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் துணிப்பை ஹாலுக்கு வந்துவிட்டது. யாரும் ஒன்றும் பேசவில்லை, சனிக்கிழமை கொண்டுபோய் விட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. முகவரைக் கூப்பிட்டது நான்தான், அதுவும் அம்மாவின் பாதுகாப்பை மட்டும் நினைத்து அல்ல. என் மகளின் பல்கலைக்கழகச் செலவு, என் வீட்டுக் கடன், மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு வரும் என்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தம்பியும் பார்த்திருப்பான். தங்கையும்தான், கேட்டால் அழுவாள். அம்மா வீட்டோடு இருந்தவர், அவர் பேரில் சேமநிதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாதச் செலவு நாங்கள் மூவரும் போடுவதுதான், அதில் யார் எந்த மாதம் தாமதம் என்பது அம்மாவுக்கு மனப்பாடம்.

லீஸ் பைபேக் திட்டத்தை எங்களுக்குச் சொன்னதே புளோக்குக்குக் கீழே இருக்கும் முதியோர் நிலையத்தில் வேலைபார்க்கும் ஒரு பெண். 65 வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு குத்தகையின் பின்பகுதியைக் கழகத்துக்கு விற்கலாம். அம்மா வயதுக்கு 20 ஆண்டு வைத்துக்கொண்டு மிச்சமுள்ள முப்பத்துச் சொச்சம் ஆண்டைக் கொடுத்துவிடலாம். அந்தப் பணம் சேமநிதிக்குப் போய், மசேநிதி லைஃப் வழியாக உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் அம்மா பேரிலேயே வரும். இங்கே சீனருக்கா இந்தியருக்கா என்ற கேள்வியே கிடையாது. ஒரு கெடு மட்டும் உண்டு, மசேநிதி லைஃபில் 80 வயதுக்கு முன் சேர்ந்துவிடவேண்டும். எங்களுக்குக் கையில் இருப்பது இரண்டு வருஷம்கூட இல்லை, ஏற்கெனவே ஒன்றரை வருஷத்தை ஒரு கேள்விக்குறியைப் பார்த்தே கழித்திருக்கிறோம்.

குறையும் இருக்கிறது. அப்புறம் வெளிச்சந்தையில் விற்க முடியாது, முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது, அறையை மட்டும் விடலாம். அம்மா முன்னாலேயே போய்விட்டால் மிச்சக் குத்தகையின் மதிப்பு மட்டும் திரும்ப வரும். “அப்ப நமக்கு என்னண்ணே மிஞ்சும்?” என்று தம்பி கேட்டான். பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்றேன். ஊரில் இருப்பது ஓட்டு வீடு, மண்ணோடு சேர்ந்தது, பேரன்வரை போகும். அப்பாவும் இதை அப்படித்தான் நினைத்துக்கொண்டார், ஆனால் இது 99 வருஷத்துக்கு வாங்கிய இடம். அதில் அம்மா சாப்பிட வேண்டியதை அம்மாவே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கட்சி. தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கட்டைவிரல் அனுப்பினான், அதற்கு என்ன அர்த்தமோ.

இதற்குள் அம்மாவிடம் யாராவது கேட்டோமா என்றால், நிஜமாகவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் விளக்கினேன். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லப் போய்ப் பாதியில் நானே தடுமாறிவிட்டேன். “வீட்டை வித்துட்டு வீட்டுலயே இருக்கிறதா?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். பிறகு, “பத்திரிகையில போட்டிருக்கா?” என்றார்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மா தினமும் காலையில் மரண அறிவிப்பை முதலில் பார்த்துவிட்டு மற்ற பக்கங்களை வரி விடாமல் படிப்பவர். நான் சொன்னால் பிள்ளைக்குக் காசு தேவை போல என்று நினைப்பார், நீங்கள் போட்டால் நம்புவார். லீஸ் பைபேக், ஃபிளெக்ஸி வீடு, அறை வாடகை ஆகிய மூன்றையும் 78 வயதுக்காரர் ஒருவரின் வீட்டை உதாரணமாக வைத்து, வெள்ளிக் கணக்கோடு, பெரிய எழுத்தில் ஒரு பக்கம் போடுங்கள். அடுத்த மாதம் கழகத்தின் கிளை அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன். அதற்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

செங்காங் வாசகர்