கிறிஸ்துமஸ் காலத்தில் நம் மழலையர்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டே இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், தாத்தா பாட்டிமார்களுக்கும் என் வணக்கம். மயிலாப்பூர், சாந்தோம் பகுதிகளில் வாழும் மழலையரின் பெற்றோருக்காக இயங்கும் நம் சங்கத்தின் மாதக் கூடல்கள் இவ்வாண்டும் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டின் பெரும்பணியாக அமைந்த டிசம்பர் மாத நிகழ்வுகளைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்குப் பண்டிகை நிகழ்வு என்றால், அது அவர்கள் தூங்கி எழுந்து, பால் குடித்து, சிரித்த முகத்தோடு இருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும் என்பதையே செயற்குழு தொடக்கம் முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டது. ஆகவே எல்லா நிகழ்வுகளும் காலை எட்டரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையிலோ, மாலை ஐந்து மணிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள்ளோ முடியும்படி அமைக்கப்பட்டன. ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குச் செல்வதில்லை என்றும் முடிவாயிற்று. வணிக வளாகம் ஒன்றில் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காண அழைத்துச் செல்லலாம் என்ற யோசனை கூட்டத்தில் நெடுநேரம் பேசப்பட்டது. நீண்ட வரிசை, ஒலிபெருக்கியின் இரைச்சல், குளிர்சாதனத்தின் சில்லிப்பு ஆகிய மூன்றும் இந்த வயதுக்கு ஒவ்வாதவை என்பதால் அது கைவிடப்பட்டது. அம்முடிவு சரியானதே என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பர் என்பது சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடக்கத் தொடங்கிய ஃபெஞ்சல் புயலின் மழை நம் தெருக்களையும் விட்டுவைக்கவில்லை. எனவே வெளியே செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உறுப்பினர் வீட்டுக் கூடத்தை மாற்று இடமாக முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். இடம் தந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டுள்ளது.

இவ்வாண்டின் நிகழ்வுகளில் குழந்தைகள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது குடில் கட்டியதுதான். 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, மக்கள் கண்ணால் காணும்படி கிறிஸ்து பிறப்பை அமைத்தார். கண்ணால் கண்டும் கையால் தொட்டும் மட்டுமே எதையும் அறிந்துகொள்ளும் வயதினருக்கு அந்த வழியே பொருத்தம் என்று எண்ணினோம். டிசம்பர் 14, சனிக்கிழமை காலை, ஆழம் குறைந்த தட்டுகளில் ஈர மண்ணைப் பரப்பி, இரவெல்லாம் ஊறவைத்த கேழ்வரகைக் குழந்தைகள் கையாலேயே தூவச் செய்தோம். சிலர் ஒரே இடத்தில் குவித்தார்கள். சிலர் மண்ணை மட்டும் பிசைந்து மகிழ்ந்தார்கள். ஒரு குழந்தை தன் பங்கு முழுவதையும் பக்கத்தில் இருந்த தம்பியின் தட்டில் கொட்டிவிட்டுக் கைதட்டியது. தெற்குச் சீமையிலிருந்து வந்த பாட்டிமார், அம்மன் கோயில் முளைப்பாரிக்குப் பாத்திரம் கட்டிய பழக்கத்தில், எவ்வளவு நீர் தெளிப்பது, எப்போது நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு மாற்றுவது என்று இளம் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் தட்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலைதோறும் விரல் நுனியால் தண்ணீர் தெளித்தது. பத்து நாளில் பயிர் பசேலென்று எழுந்து நின்றது. அந்தத் தட்டுகளெல்லாம் சேர்ந்துதான் நம் குடிலின் புல்வெளி ஆயிற்று. சவுக்குக் கிளையே நம் கிறிஸ்துமஸ் மரம். வாயில் போட்டு விழுங்கிவிடக்கூடிய சிறு மண் பொம்மைகளைத் தவிர்த்து, பழைய புடவைத் துணியில் பஞ்சு அடைத்த ஆடுமாடுகளைத் தாய்மார் தைத்துத் தந்தார்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடக் குழந்தைகளுக்குத் தடையேதும் இருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வருகையையும் மிகுந்த கவனத்தோடு திட்டமிட்டோம். எட்டு மாதத்தை ஒட்டித் தொடங்கும் புதுமுக அச்சம் இரண்டு வயதைத் தாண்டியும் சில குழந்தைகளிடம் நீடிக்கிறது. நம் ஊரில் பரவலாக அணியும் பிளாஸ்டிக் முகமூடியும் மேளச் சத்தமும் அந்த அச்சத்தைப் பெருக்கிவிடும். ஆகவே நம் உறுப்பினர் ஒருவர் சாதாரணச் சட்டையோடு வந்து தரையில் அமர்ந்து, குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகச் சிவப்பு அங்கியையும், குல்லாவையும், கடைசியில் பஞ்சுத் தாடியையும் அணிந்துகொண்டார். தாடியை முதலில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். ஒரு குழந்தையும் அழவில்லை. யாரையும் அவர் மடியில் வலிய உட்காரவைத்துப் படம் எடுக்கக்கூடாது என்ற விதியைப் பெற்றோர் மனமுவந்து கடைப்பிடித்தார்கள். பின்னர் சலங்கையும் ஜால்ராவும் மட்டும் வைத்துக்கொண்டு நம் தெருவிலேயே மாலை வெளிச்சம் இருக்கும்போது பாடிச் சென்றோம்.

கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அரையாண்டு விடுமுறைக் கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு வேலைநாள் காலையில் சென்று வந்தோம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதையும், டிசம்பர் 24 செவ்வாயாக அமைந்ததையும் முன்னதாகவே உறுப்பினர்களுக்குத் தெரிவித்திருந்தோம். வாழ்த்து அட்டையில் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மானைக் கண்டிருந்த குழந்தைகள், புள்ளிமானைக் கண்டதும் வண்டி எங்கே என்று கேட்டார்கள்.

நள்ளிரவுத் திருப்பலி மழலையருக்கு உரிய நேரம் அன்று; பிறப்பு விழா நாளின் நெரிசலும் அவர்களுக்கு ஏற்றதன்று. ஆனால் குடில்கள் ஜனவரி 6-ஆம் நாளை ஒட்டி வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கும் என்பதால் அவசரப்படத் தேவையே இல்லை. 1896-இல் இன்றைய வடிவம் பெற்ற சாந்தோம் பேராலயத்துக்கு டிசம்பர் 28, சனிக்கிழமை காலை நிதானமாகச் சென்றோம். நம் உறுப்பினர்களில் எல்லாச் சமயத்தவரும் இருப்பதால், வழிபாடு வேண்டுவோர் உள்ளே அமர, ஏனையோர் குடிலருகே குழந்தைகளோடு நின்றார்கள். முன்னதாக, டிசம்பர் 26 அன்று கடற்கரைக்குச் செல்லலாம் என்று சிலர் கேட்டிருந்தனர். அது ஆழிப்பேரலையின் 20-ஆம் ஆண்டு நினைவு நாள். நம் பக்கத்துக் குப்பங்களின் குடும்பங்கள் இழந்தவர்களை எண்ணிக் கடலில் மலர் தூவும் நாளில், நாம் அங்கே பலூனோடு நிற்பது முறையன்று எனச் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

தின்பண்டங்களைப் பொறுத்தவரை, கல்கல் என்னும் கிறிஸ்துமஸ் இனிப்புக்கான மாவைக் குழந்தைகள் முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்தி உருட்ட, அடுப்பு வேலை முழுவதையும் பெரியவர்கள் தனி அறையில் பார்த்துக்கொண்டார்கள். ரம்மில் ஊறிய பழங்களும் முழு முந்திரியும் இல்லாத கேக்கையே வழங்கினோம். முழு நிலக்கடலை, முந்திரி, வெட்டாத திராட்சை ஆகியவை இந்த வயதில் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். அவற்றை அன்போடு நீட்டும் உறவினர்களிடம் பெற்றோர் தயங்காமல் மறுப்புச் சொல்ல வேண்டுகிறேன். இதைவிடக் கவலைக்குரியது பட்டன் பேட்டரி. மின்னும் நட்சத்திரங்களிலும், பாடும் வாழ்த்து அட்டைகளிலும், எரிவதுபோல் ஒளிரும் மெழுகுவத்திகளிலும் அது இருக்கிறது. குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். திருகாணியால் மூடப்படாத பேட்டரி அறை உள்ள எந்தப் பொருளையும் நம் நிகழ்வுகளில் அனுமதிக்கவில்லை. வரும் ஆண்டிலும் இவ்விதி தொடர வேண்டும்.

2025-இல் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வருகிறது. எனவே கேழ்வரகு தூவும் நிகழ்வை டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளவும், மூன்று வயது நிறைந்து மழலையர் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் தங்கள் தட்டுகளைப் புதிதாகச் சேரும் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். துணி ஆடுகளில் சில பிய்ந்துவிட்டன. தைத்துத் தர முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்