மாசசூசெட்ஸ் தமிழ் அமைப்புகளுக்கு: ஆகஸ்ட் சைக்கிள் பயணத்தில் நமக்கும் ஓர் அணி வேண்டும்

அன்புள்ள நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் நிதி திரட்ட ஒவ்வோர் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் நம் மாநிலத்தில் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணத்துக்கு, அடுத்த ஆண்டு நம் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஓர் அணியை அனுப்ப வேண்டும். தனியாளாகப் பதிவு செய்து செல்லும் தமிழர்கள் இருக்கலாம். நான் கேட்பது அமைப்புகளின் பெயரில், அமைப்புகளின் பொறுப்பில் ஓர் அணி.

நம்மவர்களுக்குக் கொடுக்கும் மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால், விடிவதற்குள் பணம் சேர்ந்துவிடுகிறது. அங்கே ஒரு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டின் படம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இவை எதுவும் இல்லை. பத்து ஆண்டு கழித்து முகம் தெரியாத எவருக்கோ பயன்படப்போகும் மருந்துக்காக இன்று யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கூச்சத்தைச் சைக்கிள் போக்கிவிடுகிறது. “வசந்த காலம் முழுக்கப் பயிற்சி எடுத்திருக்கிறேன், இரண்டு நாள் மிதிக்கப் போகிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்” என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்லச் சுலபமாக வாய் வராது.

இந்தப் பயணத்தைத் தொடங்கிய பில்லி ஸ்டார், 1974-இல் தம் தாயை மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-இல் 36 பேர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கேப் காட் முனையில் இருக்கும் பிராவின்ஸ்டவுன் வரை மிதித்தார்கள். சேர்ந்தது 10,200 டாலர். 2024-இல் மட்டும் இதே பயணம் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு 7.5 கோடி டாலர் கொடுத்தது. தொடக்கத்திலிருந்து கூட்டினால் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சைக்கிள் ஓட்டுபவர்கள் திரட்டும் நன்கொடை முழுவதும் அந்த நிறுவனத்துக்கே போகிறது. ஏற்பாட்டுச் செலவைப் பதிவுக் கட்டணமும் ஆதரவு தரும் நிறுவனங்களும் ஏற்கின்றன. கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அலுவலகச் செலவுக்குப் போகிறது என்று நம் கூட்டங்களில் தவறாமல் ஒருவர் கேட்பார். கேட்கவும் வேண்டும். இங்கே அதற்கு நேரான பதில் இருக்கிறது.

டானா-ஃபார்பரின் தொடக்கக் கதையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், 1923-இல் பாஸ்டன் வந்து ஹார்வர்டில் ஆய்வு செய்தார். அங்கே நிரந்தர இடம் கிடைக்காமல் 1940-இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். செல்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய அவருடைய குழு, அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்தையும் உருவாக்கியது. அதைப் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர், டானா-ஃபார்பரைத் தொடங்கிய மருத்துவர் சிட்னி ஃபார்பர். அதுவரை அந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். 1948 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரை, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததைப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார். அந்த மருந்தின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், இன்றும் பாஸ்டனிலும் சென்னையிலும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. தாம் தொடங்கிவைத்தது எதுவரை போனது என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இது பழைய கதை என்றால், நம் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. என் பெரியம்மா சிகரெட் புகை பக்கத்தில் வந்தாலே எழுந்து போய்விடுவார். அவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. திசுவைச் சோதித்த மருத்துவர்கள் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாகச் சொல்லி, அதற்கென்றே உள்ள மாத்திரையைக் கொடுத்தார்கள். பேத்தியின் திருமணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த மரபணு மாற்றம் இருக்கும் கட்டிகளில்தான் அவ்வகை மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதை 2004-இல் கண்டறிந்தவர்கள் பாஸ்டனின் ஆய்வாளர்கள். ஒரு குழு டானா-ஃபார்பரைச் சேர்ந்தது, இன்னொன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்தது. ஆசியர்களிடமும், பெண்களிடமும், புகைபிடிக்காதவர்களிடமும் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆராய்ச்சி, நாம் அன்றாடம் ரயிலில் கடந்துபோகும் ஊரில் நடந்திருக்கிறது.

அந்தப் பணத்தை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பலாமே என்று சிலர் கேட்பீர்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி, மருத்துவர் சாந்தா தம் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த இடம் அது. அங்கே அனுப்புவதை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். ஆனால் இங்கே சம்பாதித்து, இங்கே பிள்ளைகளை வளர்த்து, நோய் வந்தால் இங்கேயே மருத்துவம் பார்த்துக்கொள்ளும் நாம் இந்த ஊருக்கும் செய்யக் கடமைப்பட்டவர்கள். மேலும், இங்கே கண்டுபிடிக்கப்படும் மருந்து அடையாறுக்கும் போய்ச் சேரும். மெத்தோட்ரெக்சேட் போய்ச் சேர்ந்ததே.

இனி நடைமுறை. ஒவ்வொருவரும் திரட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை தேர்ந்தெடுக்கும் பாதையைப் பொறுத்தது. இரண்டு நாள் நெடும்பாதை என்றால் பல ஆயிரம் டாலர். அதை எட்டாவிட்டால் மீதியைத் தம் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். விருப்பம் இருந்தும் பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். அமைப்புகள் தோள்கொடுக்க வேண்டியதும் இந்த இடத்தில்தான். சித்திரை விழாவில் ஓர் உணவுக் கடையின் வருமானத்தை அணிக்கு ஒதுக்குங்கள். ஊழியர் தரும் நன்கொடைக்குச் சமமான தொகையைத் தானும் தரும் வழக்கம் இங்குள்ள பல நிறுவனங்களில் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அந்தப் படிவத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. அதை நிரப்பக் கற்றுக்கொடுக்க ஒரு மாலை போதும்.

ஸ்டர்பிரிட்ஜிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரையிலான ஏறத்தாழ 300 கிலோமீட்டரை எல்லோரும் மிதிக்க வேண்டியதில்லை. வெல்லஸ்லியில் தொடங்கி அங்கேயே முடியும் ஒருநாள் பாதைகள் இருக்கின்றன. பயிற்சிக்கு மினிட்மேன் பாதையும் புரூஸ் ஃப்ரீமன் பாதையும் நம்மில் பலருக்கு வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன. ஓட்ட முடியாதவர்கள் தன்னார்வலராகச் சேரலாம். கோடையில் ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அப்பா அம்மாக்களை அழைத்துவந்து வழியோரம் நின்று கைதட்டச் சொல்லுங்கள். அவர்கள் பார்க்க வேண்டிய காட்சி அது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களும் அதை மறைக்காமல் சைக்கிளில் வருவார்கள். நம் குடும்பங்களில் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மருத்துவமனைக்குத் தனியாகப் போய்வரும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவராவது நம் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது என் ஆசை.

பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே தீபாவளி முடிந்ததும் எல்லா அமைப்புகளின் நிர்வாகிகளும் ஒருமுறை கூடி, அணிக்கு ஒரு பொறுப்பாளரையும் நிதிக்கு ஒரு பொறுப்பாளரையும் நியமியுங்கள். பொங்கல் விழா மேடையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வந்து பேச நான் தயார். நெடும்பாதைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்