கூரையைத் தாங்குவது மண்மேடு

ஆசிரியருக்கு,

பல்கேரியாவில் உள்ள திரேசியர் என்ற பழங்கால மக்களின் அரசர் கல்லறைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், கசன்லக் கல்லறைக்கும் மன்னன் மூன்றாம் செவுதேசின் கல்லறைக்கும் 'ரோமானிய வளைவுக் கூரை' என்று இருந்தது. அது பிழை.

வளைவுக் கூரைக்கு ஆப்பு வடிவக் கற்கள் வேண்டும். உச்சியில் நடுக்கல் பொருந்தும்வரை அடியில் மரச்சாரம் நிற்க வேண்டும். கோல்யாமா கோஸ்மட்கா மேட்டுக்குள் உள்ள செவுதேசின் வட்ட அறையில் கற்கள் படுக்கையாகத்தான் கிடக்கின்றன. ஒவ்வொரு கல்வரியும் கீழ்வரியைவிடச் சற்று உள்ளே நீண்டு, போகப்போக வட்டம் சுருங்கித் தேன்கூடு போல முடிகிறது. கல்லின் மூக்கு உள்ளே நீள நீள, வால்பக்கம் பாரம் ஏறவேண்டும். இல்லாவிட்டால் கல் உள்ளே கவிழும். அந்தப் பாரம்தான் மேலே கொட்டிய மண். வரி முழு வட்டமாக மூடியதும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும்.

ஆகவே மேட்டை ஒரு பக்கம் மட்டும் வெட்டி எடுப்பது ஆபத்து. புதையல் தேடுவோர் செய்வது அதைத்தான். பாரம் சமன் குலைகிறது, மழைநீரும் இறங்குகிறது.

2004-இல் திறக்கப்பட்ட செவுதேசின் கல்லறையில் 13 மீட்டர் நடைவழி, முன்னறை, வட்ட அறை, கடைசியில் ஒரே பாறையைக் குடைந்த அறை என்று வரிசை. அந்தப் பாறை சுமார் 60 டன் என்கிறார்கள். அவ்வளவு பெரிய கல்லை முடிந்த கட்டடத்துக்குள் நுழைக்க வழியில்லை. அதை முதலில் நிறுத்திவிட்டுத்தான் மற்றதைக் கட்டியிருக்க வேண்டும். செவுதேசின் வெண்கலத் தலை வாசலுக்கு வெளியே மண்ணில் புதைந்திருந்தது. உள்ளே இருந்ததாகக் கட்டுரை சொல்வதும் தவறு.

இன்னொரு திரேசியக் கல்லறையான ஸ்வெஷ்தாரி வேறு வகை. அதன் மைய அறைக்கு அரை உருளைக் கூரை. கைகளை உயர்த்தி நிற்கும் 10 பெண் உருவங்கள் கூரையைச் சுமப்பதாகத் தோன்றும். பாரம் சுவரில்தான் இறங்குகிறது. உருவங்கள் சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பங்கள். சிலவற்றில் செதுக்கும் வேலைகூட முடியவில்லை.

1944-இல் கிடைத்த கசன்லக் கல்லறை செங்கல் கட்டு. சுமார் இரண்டரை மீட்டர் விட்டமே உள்ள அறை அது. பத்துப் பேர் நின்றால் மூச்சின் ஈரமே உள்ளே தீட்டிய ஓவியங்களைப் பதம்பார்த்துவிடும். அதனால் அருகிலேயே நகல் ஒன்றைக் கட்டி, பயணிகளை அங்கே அனுப்புகிறார்கள். கட்டுரையோடு வந்த படம் அசலா, நகலா என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

— கட்டடவியல் வாசகர், திருச்சி