பாப்பாவுக்கு, கம்பாரா சபாவான்னு

பாப்பா,

சாப்டியா. இது கொஞ்சம் நீளமா போகும், ஷிப்ட்ல இருக்கும்போது படிக்காத, அத்த வீட்டுக்கு போய் குளிச்சிட்டு உக்காந்து படி. வாய்ஸ்ல சொல்லலாம்னு மூனு வாட்டி அமுக்கி மூனு வாட்டியும் அழிச்சிட்டேன். அப்பா ஹால்லயே படுத்திருக்காரு, டிவி சத்தத்த கொறைச்சு வச்சிக்கிட்டு நம்ம பேசுறதத்தான் கேப்பாரு, உனக்கு தெரியுமே.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பா கால் புண்ணு காஞ்சிட்டு வருது, கிளினிக் மிஸ்ஸி இனிமே ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கட்டு மாத்துனா போதும்னுட்டாங்க. அண்ணன் ஜொகூர்லேர்ந்து இந்த மாசமும் 300 போட்டுட்டான். பின்னாடி ரம்புத்தான் கடைசி கொத்து, கொரங்கு வர்றதுக்குள்ள பறிச்சு ஐஸ்பெட்டியில வச்சிருக்கேன், நீ வருவன்னு.

நீ பேசி ஒம்பது நாளாச்சு. படிச்சிட்டன்னு நீல டிக் வருது, பதில் வரல. ஓவர்டைம் செய்றா போல, அசதியா இருக்கும்னு நானே சொல்லிக்கிறேன். அத்தகிட்ட கேட்டா நல்லாத்தான் இருக்கா அண்ணி, சாப்புடுறா தூங்குறாங்குறாங்க. அத்தகிட்ட பேச நேரம் இருக்கு, பெத்தவகிட்ட பேச நேரமில்ல. சரி விடு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ்லயே வா, கூட்டாளி மோட்டார் பின்னாடி ஏறி வராத, பினாங்கு பாலத்து மேல காத்து ஒரு பக்கமா தள்ளும்.

அரசாங்க யூனிவர்சிட்டிக்கு யுபியுல எழுதிப்போட்டு சபா கெடைச்சுதே, அதுக்கு பதில் குடுக்க வியாழக்கிழம கடைசி நாள். நீ இன்னும் ஏத்துக்குறேன்னு தெரிமாவும் அமுக்கல, வேணாம்னு தோலாக்கும் அமுக்கலன்னு அண்ணன் சொன்னான். கம்பார்ல கெடைச்ச தனியார் யூனிவர்சிட்டி யூடாருக்கும் பதில் சொல்லலையாம். ரெண்டையும் இப்படி அந்தரத்துல விட்டா ரெண்டும் போயிடும் பாப்பா. சொல்லிட்டேன்.

சபா விஷயத்த நான் வாய்க்கு வந்தபடி சொல்லல. கேட்டு விசாரிச்சுத்தான் சொன்னேன். அந்த சபா யூனிவர்சிட்டி யுஎம்எஸ் 1994ல ஆரம்பிச்சது, உன்னவிட பதினோரு வயசு மூத்தது. கோத்தா கினபாலுல கடல் ஓரமாவே 999 ஏக்கராம், நம்ம இருந்த தோட்டத்து டிவிசன் எந்த மூலைக்கு. நீ கேட்ட அதே ஃபூட் சயன்ஸ்தான் அங்கயும், கம்பார் யூடார்லயும் அதேதான். அரசாங்க யூனிவர்சிட்டி, ஃபீஸ் கம்மி, ஹாஸ்டல் உள்ளயே. கேஎல்லேர்ந்து பிளைட்ல ரெண்டரை மணி நேரம், நம்ம சுங்கை சிப்புட்லேர்ந்து கேஎல்லுக்கு ரயில்ல போற நேரம்கூட இல்ல. அப்பா 2015ல வந்த நிலநடுக்கத்தையே சொல்லிக்கிட்டு இருக்காரு, மலையில 18 பேரு செத்தாங்களேன்னு. அது மலை ஏறப் போனவங்களுக்கு வந்தது, நம்ம பிள்ள படிக்கத்தான் போவுதுன்னு நான்தான் வாய அடைச்சேன். ஆனா நீ அந்த மலைக்கு போகாத. கூட்டாளிங்க கூப்பிட்டாலும் போகாத. 4,095 மீட்டராம், அங்க உனக்கென்ன வேலை.

சபாவுக்கு போறப்ப நம்ம நாட்டுக்குள்ளயே இமிகிரேசன்ல நின்னு அடையாள கார்டு ஐசி காட்டணுமாமே. ஐசிய தொலைச்சிடாத. படிவம் 4 படிக்கிறப்ப தொலைச்சிட்டு ஈப்போவுக்கு என்ன அலைய வச்ச.

நீ படிவம் 6 பரிட்சை எஸ்டிபிஎம்ல 3.67 எடுத்தப்ப நான் யாருகிட்டயும் பெருசா காட்டிக்கல, கண்ணு படும்னு. ஆனா செம்பனை தோட்டத்துல பழம் பொறுக்குற எடத்துல வங்காளப் பொம்பளைக்கிட்டகூட சொல்லிட்டேன், அவளுக்கு என்ன புரிஞ்சதோ, கைய புடிச்சு சிரிச்சா. லயத்துல நம்ம வரிசையில எஸ்டிபிஎம் எழுதுன மொத பொண்ணு நீதான். யுபியுல 90 பங்கு படிப்புக்கு, 10 பங்கு புறப்பாடத்துக்குன்னு டீச்சர் சொன்னப்ப, செயிண்ட் ஜான்ஸ் யூனிபார்ம்ல நீ வெயில்ல நின்னு மயங்கி விழுந்தியே, அன்னிக்கு உன்ன திட்டுனதுக்கு இன்னிக்கு வரைக்கும் மனசு கெடந்து அடிச்சிக்குது. அந்த பத்துலயும் நீ கொறை வைக்கல.

அதுக்காக பெரியவங்க பேச்சு கேக்க வேணாம்னு ஆயிடுமா. ஒரு வார்த்த, வேணும் வேணாம்னு ஒரு வார்த்த அனுப்ப எவ்ளோ நேரமாகும். தாத்தா இருந்திருந்தா இப்படி மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு இருப்பியா.

அன்னிக்கு நீ யூடார் ஃபீஸ் பட்டியல படம் எடுத்து அனுப்பிட்டு கேட்டியே, அம்மா, உன் சேமநிதி ஈபிஎஃப்ல என் படிப்புக்குன்னு வச்சிருக்கியே, அது இப்ப எவ்ளோ இருக்குன்னு. கோழிக் கொழம்பு அடி புடிக்குதுன்னு சொல்லி நான் போன வச்சிட்டேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழம பாப்பா. நம்ம வீட்ல வெள்ளிக்கிழம என்னிக்கு கோழி வச்சோம்.

அத நீ கவனிச்சிருப்ப. அதுலேர்ந்துதான் நீ பேசல. எனக்கு தெரியும், தெரிஞ்சும் இவ்ளோ தூரம் சபா, மலை, ஐசின்னு எழுதிட்டேன்.

அந்த காசு இல்ல.

கொரோனாவுக்கு எம்சிஓ ஊரடங்கு வந்தப்ப அப்பாவுக்கு வேலை நின்னு, ஈபிஎஃப்லேர்ந்து ஐ-லெஸ்தாரின்னு மாசம் 500 எடுத்தோமே, அது வீட்ல எல்லாருக்கும் தெரியும், அரிசிக்கும் மருந்துக்கும்தான் போச்சு, அதுக்கு நான் அழல. 2022ல அரசாங்கம் மறுபடியும் 10,000 வரைக்கும் எடுக்கலாம்னு விட்டுச்சு பாரு, நீ அப்ப படிவம் 5. அத நான் யாருகிட்டயும் சொல்லாம போன்லயே அப்ளை பண்ணி எடுத்துட்டேன். எடுத்து சீட்டு மாதிரி கூட்டு போட்டேன். 20 பேரு, மாசம் 500. நடுவுல அவசரத்துக்கு எடுக்குறவங்க தள்ளுற காசு மத்தவங்களுக்கு கழிவா வரும், அதனால மாசம் நானூறு சொச்சம்தான் கட்டுவோம், கடைசி கை எடுக்குறவங்களுக்கு 10,000 முழுசா கெடைக்கும். எட்டாயிரம் சொச்சத்துல பத்தாயிரம். அந்த மிச்சத்துல உனக்கு லேப்டாப் வாங்கி படிவம் 6 முடியுறப்ப கையில குடுக்கணும்னு கணக்கு போட்டேன். எல்லாரும் நடுவுல எடுக்கச் சொன்னாங்க, நான்தான் கடைசி கைக்கு ஆசப்பட்டேன்.

கூட்டு புடிச்சது யாருன்னு நான் எழுதல. கோயில்ல நம்மகூட உக்காந்து பூ கட்டுனவங்கதான், உனக்கு காது குத்துனப்ப சீர்தட்டு தூக்கிட்டு வந்தவங்க. பதினஞ்சாவது மாசம் காச எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்கு போறேன், கதவு பூட்டியிருக்கு. கொடியில ஒரு பாவாட மட்டும் காய்ஞ்சு வெரச்சு போய் தொங்குது, ரெண்டு மூனு நாளு மழையில நனஞ்சு காய்ஞ்ச மாதிரி. அத பாத்ததுமே எனக்கு தெரிஞ்சிடுச்சு. இருந்தாலும் படியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், வந்துடுவாங்கன்னு.

555 கணக்கு புக்குல பதினாலு வரி இருக்கு, தேதி, காசு, அவங்க கையெழுத்து. அரிசி டின்னுக்கு அடியில வச்சிருக்கேன். அரிசி அள்ளுறப்ப டின்னு அடியில தட்டுறதுக்கு முன்னாடியே புது அரிசி கொட்டிடுறேன், அத பாக்கக்கூடாதுன்னு.

போலீசுக்கு போகல. கூட்டு புடிக்கிறதே 1971லேர்ந்து சட்டப்படி தப்பு, தடை பண்ணிட்டாங்க, அதுல நானும் சேந்துதானே போட்டேன், என்னன்னு போய் சொல்றது. அதுக்கப்புறம் மிச்சமிருந்த நாலாயிரம் சொச்சம் அப்பாவுக்கு வெரல் எடுத்து ஆறு மாசம் வீட்ல இருந்தப்ப வாடகைக்கும் மோட்டார் தவணைக்கும் கரைஞ்சு போச்சு. நீ அப்ப என்னம்மா எல்லாம் சமாளிக்கிறியேன்னு கேட்ட, நான் சமாளிக்கிறேன்னு சொன்னேன்.

தாத்தாவ நெனச்சாத்தான் என்னால தாங்க முடியல. 1960ல மந்திரி சம்பந்தன் தோட்டத்த நம்ம ஆளுங்களே வாங்கட்டும்னு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சப்ப, வெள்ளக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்தான், எங்க போய் நிக்கிறதுன்னு தெரியாத நேரம், அப்ப தாத்தா மாசம் 10 வெள்ளி கட்டி பங்கு எடுத்தாரு. பாட்டி சண்ட போட்டிருக்கு, சோத்துக்கே இல்ல சங்கத்துக்கு ஏன் கட்டுறேன்னு. அந்த பங்குக்கு வந்த காசுல எனக்கு பள்ளிக்கூட சப்பாத்து வாங்கித் தந்தாரு, ரசீத தகர டப்பாவுல மடிச்சு மடிச்சு வச்சிருந்தாரு. அப்படி ஒரு மனுசனுக்கு பொறந்துட்டு நான் பூ கட்டுற எடத்துல சிரிச்சு பேசுனத நம்பி உன் காச தூக்கிக் குடுத்திருக்கேன். அது என் சம்பளத்துல புடிச்ச காசுதான், ஆனா உன் பேர சொல்லி வச்ச காசு. நீ ஆறாம் வகுப்புல மேடையில நின்னப்ப உன் காதுல சொன்னேனே, உனக்குன்னு வச்சிருக்கேன்னு.

அப்பாவுக்கு தெரியாது. இன்னும் கடையில டீ குடிக்கிறப்ப ஆளுங்ககிட்ட சொல்லுறாரு, எம் பொண்டாட்டி பிள்ள படிப்புக்கு சேத்து வச்சிருக்கான்னு.

அத்த நேத்து வாய் தவறி சொல்லிட்டாங்க, அவங்கள கோவிச்சிக்காத. நான் கிட்ட இருக்குறது அம்மாவுக்கு புடிக்கலயான்னு நீ கேட்டியாம். நான் சபா சபான்னு சொன்னத நீ அப்படி எடுத்துக்கிட்ட. கம்பாருக்கு கட்ட எங்கிட்ட காசு இல்ல, அத சொல்ல வாய் வரல, அதுக்காக கடல் இருக்கு காத்து இருக்குன்னு அளந்து விட்டேன். எனக்கு நீ கம்பார்லதான் இருக்கணும். யூடார் கம்பார்ல 2007ல தொறந்த கையோட நம்ம மாமா வீட்டு கல்யாணத்துக்கு அந்த பக்கமா போனோமே, பழைய ஈயக்குட்டை எல்லாம் ஏரி மாதிரி பளபளன்னு கெடந்துச்சு, நீ மடியில தூங்கிட்டு இருந்த, அப்பவே நெனச்சேன், இங்க படிச்சா வெள்ளிக்கிழம சாயங்காலம் ரயிலேறி ஈப்போ தாண்டுனா ராத்திரி சோத்துக்கு வீட்ல இருப்பான்னு. பதினெட்டு வருஷமா எனக்குள்ள இருந்த நெனப்பு அது.

இப்ப கணக்க ஒழுங்கா சொல்றேன். ஈபிஎஃப்ல முன்னாடி ரெண்டாவது கணக்குன்னு சொல்லுவோமே, அத 2024லேர்ந்து செஜாத்ரான்னு பேர் மாத்திட்டாங்க, படிப்புக்கு அதுலேர்ந்துதான் எடுக்க முடியும். அதுல 2,340 வெள்ளி இருக்கு. படம் எடுத்து இதுக்கு கீழ அனுப்புறேன், நீயே பாத்துக்க, இனிமே நான் வாயால சொல்லி நீ நம்ப வேணாம். என் ரெட்டவட சங்கிலி இருக்கு, அடகு கடையில மீட்டுட்டேன். அண்ணன் மாசம் 300 உனக்கே தர்றேங்குறான், எங்களுக்கு வேணாம். அரசாங்க படிப்பு கடன் பிடிபிடிஎன் ரெண்டுக்கும் கேக்கலாமாம், மொதல்ல எஸ்எஸ்பிஎன் சேமிப்பு கணக்கு தொறக்கணும், கடனுக்கு வருஷத்துக்கு 1 பெர்சன்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தா கட்ட வேணாம்னு விலக்கு குடுப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க, ஆனா அதுக்கு நிபந்தனை இருக்கும், கேட்டுக்க. யூடாருக்கு அந்த கடன் முழுசா பத்தாது, மிச்சத்துக்கு நம்மதான் பாக்கணும். சபான்னா ஃபீஸ் சமாளிச்சிடலாம், ஆனா தீபாவளி பிளைட் டிக்கெட்ட நெனச்சுக்க. இவ்ளோதான் இருக்கு. மறைச்சு வச்சது வேற ஒன்னும் இல்ல.

எது வேணும்னு நீ சொல்லு. கம்பார்னா சங்கிலிய வித்துடுவேன், அடகு வைக்கிற வேலையே வேணாம். சபான்னா நானே ஏர்போர்ட் வரைக்கும் வர்றேன், அப்பாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன். எனக்காக பாத்து சபா போடாத, அப்பா காலுக்காக பாத்து கம்பார் போடாத, அப்பா கால நான் பாத்துக்குவேன்.

திட்டணும்னா திட்டு. பேசாம மட்டும் இருக்காத.

அப்பாகிட்ட நான் இந்த ஞாயித்துக்கிழம சொல்லிடுறேன், அதுவரைக்கும் அண்ணனுக்கும் சொல்லாத. நாளைக்கு ரெண்டரை மணிக்கெல்லாம் பழம் பொறுக்கி முடிஞ்சிடும், ஸ்டோர் பக்கத்துல லைன் நல்லா கெடைக்கும், நான் தனியாத்தான் இருப்பேன், அப்ப கூப்புடு. ராத்திரி கம்பெனி பஸ்லயே வா.

அம்மா